வரைபடத்தில் இன்னும் வராத மாதம்

ஆலங்குளம்
24.11.2024

அன்புள்ள மீனாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். வாரம் ஒரு தடவை போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனை உன் அம்மா ஸ்பீக்கரில்தான் போடுகிறாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் சில பேச்சு எனக்கும் வருவதில்லை, உனக்கும் வருவதில்லை. அதனால் இதை ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன்.

இங்கே எல்லாரும் நலம். மழை பரவாயில்லை. சித்தி மகன் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. நீ வராததைப் பற்றிக் கேட்டவர்களிடம் லீவு இல்லை என்று சொன்னேன். உன் பெரியம்மா மட்டும் இரண்டு தடவை கேட்டாள். அது போகட்டும்.

ராத்திரி கதவைப் பூட்டிவிட்டுத்தானே படுக்கிறாய்? இழுத்துச் சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும் என்று போன தடவை சொன்னாய். அது போதாது. உள்ளே ஒரு தாழ்ப்பாள் வேண்டும். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிய பிறகு இங்கிலாந்தில் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. மாப்பிள்ளைக்கோ வாரத்தில் நாலு ராத்திரி ஹெரிஃபோர்டில் வேலை. நீ அந்த முதியோர் இல்லத்தில் டியூட்டி முடித்துவிட்டு ஒற்றையடிப் பாதை மாதிரி இருக்கும் ரோட்டில் தனியாகக் கார் ஓட்டி வருகிறாய். இரண்டு பக்கமும் வேலி, விளக்கு கிடையாது, நடந்து போகிறவனுக்கு ஒதுங்க இடம் கிடையாது, அதில் அறுபது மைல் வேகம் போகலாம் என்று சட்டம். பிரிட்டனில் சாலை விபத்தில் சாகிறவர்களில் பாதிக்கு மேல் இப்படிக் கிராமத்து ரோடுகளில்தான் சாகிறார்கள் என்று படித்தேன். மெதுவாகப் போ. நம் குடும்பத்தில் ஸ்டீயரிங் பிடித்த முதல் பெண் நீதான், அதை நான் டீக்கடையில் சொல்லாத நாள் இல்லை. ஆனாலும் மெதுவாகப் போ.

போன வருஷம் லீவுக்கு வந்தபோது பேரன் கதிர் என் போனில் ஒன்றைக் காட்டிக்கொடுத்தான், உனக்கு நினைவிருக்கிறதா தெரியவில்லை. இங்கிலாந்து போலீஸின் இணையதளம். 2011-லிருந்து ஒவ்வொரு தெருவிலும் என்ன குற்றம் நடந்தது என்று மாசாமாசம் வரைபடத்தில் போடுகிறார்கள். முப்பத்து மூன்று வருஷம் காக்கி போட்டவனுக்கு அதைப் பார்த்ததும் கை நடுங்கியது. நம் பக்கம் இப்படி ஒரு படம் வந்திருந்தால் எங்கள் ஸ்டேஷனில் எத்தனை பேர் தூங்கியிருப்பார்கள் என்று யோசித்தேன். அன்றிலிருந்து தினமும் ராத்திரி சாப்பிட்டதும் நீ இருக்கும் லட்லோவைத்தான் பார்க்கிறேன். கோட்டை, டீம் ஆறு, பாலம், சந்தை கூடும் சதுக்கம், உன் தெரு, கதிர் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழி எல்லாம் எனக்கு மனப்பாடம். வெறும் பத்தாயிரம் பேர் உள்ள ஊர். நம் ஊரைவிடச் சின்னது.

முதலில் பயந்துவிட்டேன். வன்முறை, பாலியல் குற்றம் என்று ஒரே தலைப்பு இருக்கிறது. அந்த நாட்டில் ஊருக்கு ஊர் பெரும்பாலும் அதுதான் முதலில் நிற்கிறது. அன்று ராத்திரி தூங்கவில்லை. அப்புறம் பழைய ரைட்டர் புத்தியோடு உட்கார்ந்து படித்தேன். காயம் படாத அடிதடி, மிரட்டல், போனில் தொல்லை கொடுத்தது, விடாமல் பின்தொடர்ந்தது எல்லாம் அந்த ஒரே தலைப்புக்குள்தான் போகிறது. மற்றபடி கடையில் திருட்டு, குடித்துவிட்டுச் சத்தம் போட்டது, சைக்கிள் போனது. ஊருக்கு வெளியே பண்ணைகளில் ஆடு திருடுகிறார்கள், தோட்டத்தில் ஓட்டும் நாலு சக்கர பைக்கைத் தூக்குகிறார்கள், டிராக்டரில் இருக்கும் ஜி.பி.எஸ். கருவியைக் கழற்றிக்கொண்டு போகிறார்கள். ஆட்டுக்கிடையில் திருட்டு என்றால் எனக்குத் தெரிந்த வழக்குதான், அது பயமில்லை.

பயம் வேறு இடத்தில் இருக்கிறது. பெரிய நகரத்துப் போதைக் கும்பல்கள் சின்ன ஊர்களுக்கு ஒரு போன் நம்பரை வைத்துச் சரக்கு விற்கிறார்கள், கவுண்டி லைன்ஸ் என்கிறார்கள். கொண்டுபோய்க் கொடுக்கிற வேலைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பிடிக்கிறார்கள். முதலில் புது ஷூ, புது போன், அப்புறம் கடன் என்று மிரட்டல். கதிருக்கு 13 வயசு. அவன் பையில் நீ வாங்கிக் கொடுக்காத பொருள் இருந்தால் திட்டாதே, உட்கார வைத்துக் கேள். அடித்தால் சொல்லமாட்டான்.

ஆகஸ்டில் அந்தக் கலவரம் நடந்தபோது நான் ஒரு நாளில் ஏழு தடவை போன் போட்டேன். சவுத்போர்ட்டில் மூன்று பெண் குழந்தைகளைக் கொன்றது ஜூலை 29. குத்தினவன் யார் என்று பொய்யைப் பரப்பி, அகதிகள் தங்கியிருந்த ஹோட்டலுக்குத் தீ வைக்கிற அளவுக்குப் போனார்கள். இந்தியத் தூதரகமே எச்சரிக்கையாக இருங்கள் என்று அறிக்கை விட்டது. நீ சிரித்தாய். "அதெல்லாம் பெரிய ஊர்லப்பா, இங்க மனுஷங்களைவிட செம்மறி ஆடுதான் ஜாஸ்தி" என்றாய். நானும் அம்மாவும் அன்றைக்குத்தான் சாப்பிட்டோம்.

இப்போது நீ அப்படிச் சிரிப்பதில்லை மீனா.

மூன்று வாரமாக வீடியோவில் வருவதில்லை. வந்தாலும் மாடி அறையிலிருந்து பேசுகிறாய், பின்னால் வெறும் சுவர். முன்பெல்லாம் சமையலறையில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டே பேசுவாய், பின்னால் ஜன்னலில் அந்தத் தொட்டிச் செடி தெரியும். தீபாவளி முடிந்த ஞாயிற்றுக்கிழமை போனைக் கதிர் எடுத்தான். அவன் திரும்பியபோது அந்த ஜன்னலில் கண்ணாடி இருக்கவேண்டிய இடத்தில் பலகை அடித்திருந்தது. "என்னடா அது" என்றேன். "அது வந்து தாத்தா" என்று தொடங்கினான், நீ போனை வாங்கிவிட்டாய். "காத்துப்பா" என்றாய். காற்றில் ஜன்னல் உடையும்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை.

அந்த வரைபடத்தில் ஒரு மாச விவரம் வந்து சேர ஒன்றரை, இரண்டு மாசம் ஆகிறது. நான் தேடும் மாசம் இன்னும் வரவில்லை. வந்தாலும் எந்த வீடு என்று தெரியாது. யாரையும் அடையாளம் தெரியாமல் இருக்க, ஒரு புள்ளிக்குக் குறைந்தது எட்டு வீடுகளாவது இருக்கிற மாதிரி தெருவில் பொதுவாகத்தான் வைக்கிறார்கள். நல்ல ஏற்பாடு, குறை சொல்லவில்லை. உன் தெருவில் புள்ளி விழுந்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். விழாவிட்டால்தான் எனக்கு அதைவிடப் பயம். நீ யாரிடமும் சொல்லவில்லை என்று அர்த்தம்.

புள்ளி குறைந்த ஊர் நல்ல ஊர் என்று நினைக்கிறவர்களுக்கு ஸ்டேஷன் தெரியாது. எனக்குத் தெரியும். மாசாமாசம் கிரைம் மீட்டிங்கில் எண்ணிக்கை ஏறினால் இன்ஸ்பெக்டருக்குத் திட்டு, அவர் வந்து எங்களைத் திட்டுவார். அதனால் செயின் பறிப்பு என்று அழுதுகொண்டு வருகிறவளிடம் "எங்காவது தவறவிட்டிருப்பீங்க, நல்லாத் தேடிப் பாருங்க" என்போம். பிடிவாதமாக நின்றால் புகார் வந்தது என்பதற்கு மட்டும் ஒரு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து அனுப்புவோம். எஃப்.ஐ.ஆர். போடமாட்டோம். அங்கேயும் இது இல்லாமல் இல்லை. 2014-ல் அவர்களே ஆய்வு செய்து, மக்கள் போலீஸிடம் சொன்ன குற்றங்களில் ஐந்தில் ஒன்றைப் பதிவே செய்யவில்லை என்று ஒத்துக்கொண்டார்கள். ஒத்துக்கொண்டு அச்சிட்டார்கள் பார், அதைத்தான் நான் மதிக்கிறேன். அதற்குப் பிறகு பதிவைக் கறாராக்கியிருக்கிறார்கள். ஆகையால் நீ சொன்னால் எழுதுவார்கள்.

நிறத்துக்காகவோ பேச்சுக்காகவோ யாராவது செய்தது என்று உனக்குத் தோன்றினால் அதையும் சொல். நிரூபிக்க வேண்டியது உன் வேலை இல்லை. பாதிக்கப்பட்டவளுக்கு அப்படித் தோன்றினாலே அப்படித்தான் பதிய வேண்டும் என்று அங்கே விதி. அந்த விதி எப்படி வந்தது என்று தேடிப் படித்தேன். ஸ்டீபன் லாரன்ஸ் என்று 18 வயசுப் பையன். 1993 ஏப்ரலில் லண்டனில் பஸ்ஸுக்காக நின்றவனைக் கறுப்பன் என்பதற்காகவே குத்திக் கொன்றார்கள். போலீஸ் சரியாக விசாரிக்கவில்லை. பெற்றவர்கள் விடவில்லை. 1999-ல் விசாரணை அறிக்கை வந்து போலீஸின் முகத்திரையைக் கிழித்தது. 2012-ல்தான் இரண்டு பேருக்குத் தண்டனை கிடைத்தது. பதினெட்டு வருஷத்துக்கு மேல் அந்தத் தாய் டோரீன் படியேறிக்கொண்டே இருந்தாள்.

அதைப் படித்த ராத்திரி நான் திண்ணையில் போய் உட்கார்ந்துவிட்டேன். பதினெட்டு வயசு, பஸ். உனக்கும் அன்றைக்குப் பதினெட்டு.

நாம் இதை இருபது வருஷமாகப் பேசவில்லை. அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. தென்காசி பஸ்ஸிலிருந்து இறங்கி நீ வீட்டுக்குப் போகவில்லை, நேராக நான் இருந்த ஸ்டேஷனுக்கு வந்தாய். தாவணி பின் குத்திய இடத்தில் கிழிந்திருந்தது. பாராவில் நின்றவன் "ஏட்டையா, பாப்பா வந்திருக்கு" என்று கூப்பிட்டான். நீ அழவில்லை. பஸ்ஸில் அதைச் செய்தவன் பேரும் சொன்னாய், எந்த ஊர் என்றும் சொன்னாய். "எழுதுங்கப்பா" என்றாய். மேஜையில் ரிஜிஸ்டர் விரித்துக் கிடந்தது. பேனா கையில் இருந்தது. ஈவ் டீசிங் தடுப்புச் சட்டம் 1998-லேயே வந்துவிட்டது, அதன் சுற்றறிக்கை என் டிராயரில் இருந்தது. அவன் யார் மகன் என்று கேட்டதும் நான் பேனாவை மூடினேன். "வீட்டுக்குப் போ. அம்மாகிட்டகூடச் சொல்லாதே. நாளைக்கு உனக்கு மாப்பிள்ளை பார்க்கணும்" என்றேன். ஒரு சி.எஸ்.ஆர். கூட எழுதவில்லை. ஊரில் யார் யாருக்கோ எழுதினவன், என் மகளுக்கு எழுதவில்லை.

மறுநாளிலிருந்து நீ அரை மணி நேரம் முன்னால் கிளம்பி வேறு பஸ்ஸில் போனாய். நான் அதைப் பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை. பிரச்சினை முடிந்தது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். எங்கள் ஸ்டேஷனில் அந்த மாசம் பெண்கள் மீதான வழக்கு ஒன்றும் இல்லை என்று கிரைம் மீட்டிங்குக்கு அறிக்கை எழுதியதும் நான்தான். என் கையெழுத்தில்தான் போனது.

அதனால்தான் உன்னிடம் "ஏன் சொல்லவில்லை" என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. சொல்லாமல் இருக்கக் கற்றுக்கொடுத்தவனே நான்தான். என்னை மன்னித்துவிடு என்று எழுதி அழித்தேன், மறுபடி எழுதுகிறேன். மன்னித்துவிடு அம்மா.

இப்போது நான் சொல்வதைக் கேள். அவசரம் இல்லாத புகாருக்கு 101. போனில் பேசப் பிடிக்காவிட்டால் இணையத்திலும் கொடுக்கலாம். வெஸ்ட் மெர்சியா போலீஸ்தான் உங்கள் பகுதி. ஆள் வாசலில் நின்றால் 999. பேச முடியாத நிலையில் மொபைலில் கூப்பிட்டு, கேட்கும்போது 55 அழுத்து, போலீஸுக்கு இணைப்பார்கள். இதைக் கதிருக்கும் சொல்லிக் கொடு. உடைந்த கண்ணாடியைப் படம் எடுத்திருந்தால் அழிக்காதே. கல் கிடந்திருந்தால் அதையும் எறியாதே. தேதியும் மணியும் ஒரு தாளில் குறித்து வை, நாள் போகப்போக மறந்துவிடும். தாமதமாகிவிட்டதே என்று நினைக்காதே, மூன்று வாரம் ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டுப் பாட்டி உனக்குக் கேக் கொடுத்தனுப்புகிறவள்தானே, அவளிடமும் சொல். ஊரில் நல்லவர்கள்தான் அதிகம் என்று நீயே சொல்லியிருக்கிறாய், நானும் நம்புகிறேன்.

நான் நினைப்பது தப்பாக இருந்து, நிஜமாகவே காற்றுதான் உடைத்தது என்றால் இதைக் கிழித்துப் போட்டுவிட்டு ஒரு வீடியோ கால் போடு. சமையலறையிலிருந்து போடு.

அப்படி இல்லை என்றால், புகார் கொடுத்ததும் ஒரு எண் தருவார்கள். அதை எனக்கு அனுப்பு. அம்மா போனுக்கு வேண்டாம், என் போனுக்கு. என் டைரியில் உன் பெயர் போட்டு எழுதிவைக்க ஒரு பக்கம் விட்டிருக்கிறேன்.

அம்மா நார்த்தங்காய் ஊறுகாய் போட்டிருக்கிறாள், ஜனவரியில் யாராவது வந்தால் கொடுத்துவிடுகிறேன். தாழ்ப்பாளை மறக்காதே.

அன்புடன்,
அப்பா