அரைக் கிலோ அசோகா பாக்கி

அக்கா,

'தி வாக்கிங் டெட்' ஜாம்பி சீரியலோட ஏழாவது சீசன் முதல் எபிசோடை நேத்து ராத்திரிதான் பார்த்தேன். வந்தது 2016 அக்டோபர்ல. 2022ல பதினோராவது சீசனோட கதையே முடிஞ்சுபோச்சு. நான் மட்டும் தொடாம வச்சிருந்தேன். ஏன்னு உனக்குத் தெரியும்.

ஆறாவது சீசனோட கடைசி எபிசோடைப் பார்த்த அந்த ஏப்ரல் ராத்திரி. மொட்டை மாடி முழுக்க உளுந்து காயுது. தார்ப்பாய் ஓரத்தை மடிச்சுட்டு உட்கார்ந்திருக்கோம். கரண்ட் இல்ல, லேப்டாப்ல சார்ஜும் கொஞ்சம்தான். ஹீரோ ரிக்கையும் சேர்த்து 11 பேரை மண்டி போட வச்சு, முள்கம்பி சுத்தின மட்டையை ஒவ்வொருத்தரா நீட்டி எண்ணிக்கிட்டே வர்றான் வில்லன் நீகன். நீ உளுந்தை அள்ளுறதும் விரலிடுக்குல விடுறதுமா இருந்தே. படத்துச் சத்தத்தை விட அந்தச் சரசரப்புதான் இன்னும் காதுல இருக்கு. மட்டை நேரா நம்ம மூஞ்சிக்கு இறங்குச்சு. ரத்தம் வழிஞ்சு திரை இருட்டாச்சு. சார்ஜ்தான் போயிடுச்சுன்னு நான் லேப்டாப்பைத் தட்ட, "முடிஞ்சே போச்சுடா, யாருன்னே காட்டல பாரு, அயோக்கியப் பயலுவ"ன்னு சிரிச்சே.

அடி வாங்கினது அந்த வரிசையில இருந்த கிளென்னு நீ, ஆபிரகாம்னு நான். தோத்தவங்க திருவையாறு அசோகா அல்வா அரைக் கிலோ வாங்கித் தரணும். விடைக்கு ஆறு மாசம் காத்திருக்கணும்னு அலுத்துக்கிட்டே. ஆவணியிலயே கிளம்பிட்டே. மாடியில உட்கார்ந்திருந்தப்பவே முடிவு பண்ணிட்டியா? விஞ்ஞானி ஜென்னர் காதுல சொன்ன ரகசியத்தை ரிக் ரெண்டாவது சீசன் கடைசி வரைக்கும் மறைச்சதுக்கு, "கூட இருக்கறவங்ககிட்ட மறைக்கலாமாடா"ன்னு குதிச்சவ நீதானே?

மன்னார்குடி பஸ் ஸ்டாண்டுல நான் செஞ்சது தப்பு. முழுசா இங்க எழுத மாட்டேன், பெரியப்பா வீட்டுப் பிள்ளைங்களும் படிக்குதுங்க. அத்தானோட கண்ணாடி உடைஞ்சதுக்கு மட்டும் மன்னிப்பு கேட்டுக்கறேன். (அத்தான்னு எழுதிட்டேன். அழிக்கல.) அப்பா அதுவரைக்கும் கொஞ்சம் இளகித்தான் இருந்தார், நான் அடிச்சதாலதான் பேச்சே நின்னுச்சுன்னு அம்மா இன்னும் சொல்றா. பெட்டியும் கையுமா அக்காவை அங்க பார்த்தா எந்தத் தம்பி சும்மா நிப்பான்?

நேத்து பார்த்தா, முதல்ல ஆபிரகாம். ஜெயிச்சுட்டேன்னு கைதட்டக்கூட ஆளில்ல. அப்புறம் ரொசிட்டா மூஞ்சிக்கு நேரா அந்த மட்டையை நீட்டி நீகன் எகத்தாளம் பண்ண, அதே வரிசையில இருந்த டேரிலுக்குப் பொறுக்கல. பாய்ஞ்சு ஒரே குத்து. அதுக்குப் பதிலுக்குத்தான் கிளெனை அடிச்சான். டேரில் பாசத்துலதானே பாய்ஞ்சான் அக்கா? நாலு தடவை பின்னால தள்ளிப் பார்த்தேன். நாலு தடவையும் அவன் எழுந்துதான் போறான்.

உன் மேலயும் கோவம் இருக்கு. 2018 நவம்பர் 16, கஜா அடிச்சு ஓய்ஞ்சு விடிஞ்சப்ப கொல்லையில ஒரு தென்னைகூட நிக்கல. அப்பாவும் நானும் மட்டும்தான் அறுத்துத் தள்ளினோம். டவர் வந்தப்புறம் நீ போன் பண்ணினே. மரத்தைக் கேட்டே, மாட்டைக் கேட்டே, கடைசியா "தம்பி?"ன்னே. அம்மா ஸ்பீக்கர்லதான் போட்டிருந்தா. நான் பக்கத்துலதான் நின்னேன்.

ரெண்டு பேர் சொன்னதும் சரியாப்போச்சு. அப்ப அசோகா யார் வாங்கறது? ஞாயித்துக்கிழமை திருவையாறு போறேன். உன் அட்ரஸ் அம்மாகிட்ட இருக்கு. கொரியர்ல போடவா, நானே எடுத்துட்டு வரவா?