குறித்த நாளில் பரீட்சையை நடத்துங்கள்: கனரக வாகனச் சாரதி அனுமதிப்பத்திரத்திற்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளே,

எங்கள் மாவட்டத்தில் கனரக வாகனச் சாரதிகளுக்கான செயன்முறைப் பரீட்சை சென்ற மாதம் நான்காவது தடவையாகவும் நடைபெறாமற் போனதைத் தாங்கள் அறிவீர்கள். அன்று அலுவலக வாயிலில் காத்து நின்ற ஒன்பது பேரில் ஒருவன் என் மகன். அவனுக்குத் துணையாகப் போயிருந்தவன் நான். அலுவலகத்தின் பெயரையோ எந்த உத்தியோகத்தரின் பெயரையோ எழுதி எவரையும் சங்கடப்படுத்துவது என் நோக்கமன்று. என் வேண்டுகோள் ஒன்றுதான்: குறித்த நாளில் பரீட்சையை நடத்துங்கள், நடத்த இயலாதென்றால் முதல் நாளே அதைத் தமிழில் அறிவியுங்கள்.

நான் 27 வருடங்கள் லொறி ஓட்டியவன். கல்முனையில் அரிசி ஏற்றிக்கொண்டு பொத்துவில், மொனராகலை, வெல்லவாய என்று ஏ4 வீதியால் கொழும்புக்குப் போய் வந்தே பிள்ளைகளை வளர்த்தேன். பெரகலைப் பக்கத்து மலைவீதியில் பாரம் ஏற்றிய வண்டியைக் கியரில் இறக்குபவனுக்கும் பிரேக்கில் இறக்குபவனுக்கும் உள்ள வேறுபாடு என்னவென்று கண்ணால் கண்டவன். ஆகவே பரீட்சையை இலகுவாக்குங்கள் என்று கேட்க நான் வரவில்லை. இன்னும் கடுமையாக வைத்தாலும் மகிழ்ச்சியே. வைத்தால்தானே கடுமையா இலகுவா என்று பேசலாம்?

சட்டம் கேட்பதை எல்லாம் என் மகன் நிறைவேற்றியிருக்கிறான். இலகுரக வாகன அனுமதிப்பத்திரம் எடுத்து இரண்டு வருடம் கடந்திருக்க வேண்டும் என்றார்கள். அவன் மூன்று வருடம் பட்டா என்கிற சின்ன லொறியில் வயலுக்கும் ஆலைக்கும் இடையே நெல் இழுத்திருக்கிறான். இருபத்தொரு வயது நிரம்பியிருக்க வேண்டும் என்றார்கள். அவனுக்கு இருபத்து மூன்று. மருத்துவச் சான்றிதழுக்கு விடியற்காலையில் போய் வரிசையில் நின்றான். 3,500 கிலோகிராமுக்கு மேல் 17,000 கிலோகிராம் வரையான லொறிகளுக்குரிய சீ1 வகுப்புக்கு விண்ணப்பித்து, பழகுவதற்கான எல் பத்திரம் பெற்று, சாரதிப் பயிற்சிப் பாடசாலையில் பணம் கட்டிப் பழகினான். இதுவரை நடந்த எதிலும் எங்களுக்கு முறைப்பாடில்லை. எல்லாம் முடிந்து, பரிசோதகரின் முன்னால் வண்டியை ஓட்டிக் காட்டுகின்ற அந்த அரைமணி நேர வேலையில்தான் எட்டு மாதங்களாக நிற்கிறோம்.

அந்த நாளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல அனுமதியுங்கள். பரீட்சைக்கு வேண்டிய லொறியை நாங்களேதான் கொண்டுவர வேண்டும் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். எல் பலகை பூட்டிய லொறியைப் பாடசாலைக்காரர் சும்மா தருவதில்லை. நாள் வாடகை, டீசல், கூட வருகின்ற பயிற்றுநரின் சம்பளம் எல்லாவற்றையும் பிள்ளைகள் தங்களுக்குள் பிரித்துக் கட்டுகிறார்கள். என் மகனுடைய பங்கு அவனது ஒரு கிழமைக் கூலி. விடியற்காலை நான்கரைக்குக் களுவாஞ்சிகுடியில் இருந்து புறப்பட்டோம். வாகரையில் இருந்து வந்த பையனுக்கு அந்த நேரத்தில் பஸ் கிடையாது என்பதால் முதல் நாள் மாலையே வந்து, இரவு முழுவதும் லொறியின் பெட்டிக்குள் படங்கை விரித்துப் படுத்திருந்தான். ஆறரைக்கு வாயிலுக்குப் போனபோது கம்பிக் கதவில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. இரவு பெய்த மழையில் ஓரங்கள் சுருண்டு மை கசிந்திருந்தது. அது முழுவதும் சிங்களத்தில் இருந்தது. எங்களோடு பரீட்சைக்கு வந்திருந்த, மகாஓயாப் பக்கத்துச் சிங்கள இளைஞர் ஒருவர்தான் அதை வாசித்து, "இண்டைக்கு இல்லையாம் அண்ணே, பிறகு சொல்லுறாங்களாம்" என்று எங்கள் தமிழிலேயே சொன்னார். சொல்லும்போது அவருடைய முகமும் எங்கள் முகங்களைப் போலத்தான் இருந்தது; அவரும் தம் பங்குப் பணத்தைக் கட்டித்தான் வந்திருந்தார். காரணம் என்ன என்று அந்தத் தாளில் இல்லை. பிறகு என்றால் எப்போது என்பதும் இல்லை. உள்ளே கேட்கலாம் என்று பகல் பன்னிரண்டு மணி வரை நின்றோம். கேட்பதற்கு உரியவர் வேறொரு கூட்டத்திற்குப் போயிருப்பதாகக் காவலாளி சொன்னார்.

இதே கதை மாசியில் நடந்தது, சித்திரையில் நடந்தது, ஆனியிலும் நடந்தது. முதல் முறை பரிசோதகர் விடுமுறை. இரண்டாவது முறை என்ன என்று இன்றுவரை தெரியாது. மூன்றாவது முறை மற்றொரு மாவட்டத்திற்குக் கடமைக்குப் போய்விட்டாராம். உத்தியோகத்தர்களும் மனிதர்கள்தாம், அவர்களுக்கும் காய்ச்சல் வரும், பிள்ளை குட்டி இருக்கும். ஆனால் விண்ணப்பத்தில் எங்களுடைய தொலைபேசி இலக்கத்தைக் கேட்டு வாங்கியிருக்கிறீர்களே, அது எதற்கு? முதல் நாள் மாலை ஒரு குறுஞ்செய்தி வந்திருந்தால் ஒன்பது பேரின் ஒரு கிழமைக் கூலி மிஞ்சியிருக்கும். 2022இல் டொலர் இல்லை, அட்டை இல்லை என்று கடதாசியில் தற்காலிக அனுமதிப்பத்திரம் தந்தீர்கள். நாட்டின் நிலைமை அப்படி என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டோம். குறுஞ்செய்திக்கு டொலர் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

பணத்தையாவது மறுபடி உழைக்கலாம். சம்மாந்துறையில் ஓர் அரிசி ஆலை முதலாளி, "லைசன்ஸோட வா தம்பி, பெரிய லொறியைத் தாறன்" என்று என் மகனுக்குச் சொல்லி வைத்திருந்தார். சிறுபோக வெட்டுத் தொடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். நெல் வந்து குவிந்த பிறகு எவராலும் காத்திருக்க முடியாது. அந்த இருக்கையில் இப்போது வேறொருவர் இருக்கிறார். முதலாளியில் குற்றமில்லை. என் மகனிலும் இல்லை. எல் பத்திரத்தின் காலமோ தன் பாட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. அது முடிந்தால் திரும்பவும் விண்ணப்பம், திரும்பவும் ஆறு மாதத்திற்கு மட்டும் செல்லுபடியாகும் மருத்துவச் சான்றிதழ், திரும்பவும் வரிசை. தவணை பிந்துவது அலுவலகத்தின் பக்கத்தில், காலாவதியாவது பிள்ளையின் பக்கத்தில் என்றால் அது என்ன கணக்கு?

இப்படி இழுபடுவதால் யாருக்கு இலாபம் என்பதையும் நான் சொல்லித்தான் தாங்கள் அறிய வேண்டும் என்றில்லை. அந்த வாயிலுக்கு எதிரே தேநீர்க் கடையில் இருக்கும் தரகரிடம் அடுத்த தவணை எப்போது என்று கேட்டால் உடனே சொல்கிறார். உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாத திகதி அவருக்கு எப்படித் தெரிகிறது என்பது எனக்கு விளங்காத அதிசயம்; ஒருவேளை அவருக்கு மட்டும் குறுஞ்செய்தி போகிறதோ என்னவோ. இன்னொரு பக்கத்தில், வெட்டுக் காலத்தில் இலகுரக அனுமதிப்பத்திரத்தோடு பாரமான லொறிகளை இரவில் ஓட்டுகின்ற பிள்ளைகள் இருக்கிறார்கள். பொலிஸ் மறித்தால் தண்டம், விபத்து நடந்தால் காப்புறுதியும் கைகொடுக்காது. முறையாக எடுக்க நினைப்பவன் வாயிலில் நிற்கிறான், நினைக்காதவன் வீதியில் ஓடுகிறான். இதைத்தான் வீதிப் பாதுகாப்பு என்று ஒவ்வொரு வருடமும் பதாகை கட்டுகிறோமா?

கோபத்தில் எழுத்து வேறு திசையில் போய்விட்டது, பொறுத்தருள்க. மொழி விடயத்தில் நான் புதிதாக எதையும் கேட்கவில்லை. வடக்கு கிழக்கு மாகாணங்களில் தமிழ் நிர்வாக மொழி என்பது 1988ஆம் ஆண்டின் 16ஆவது திருத்தத்திலேயே அரசியலமைப்பில் எழுதப்பட்டுவிட்டது. சிங்கள அறிவித்தலை எடுத்துவிடுங்கள் என்று சொல்லவுமில்லை. மகாஓயாத் தம்பிக்கு அது வேண்டும். அதன் கீழே எங்களுக்கும் இரண்டு வரி எழுதுங்கள் என்றே கேட்கிறேன்.

எனவே தயவுசெய்து, குறித்த நாளில் பரீட்சையை நடத்துங்கள். முடியாதென்றால் முதல் நாளே, காரணத்தோடும் புதிய திகதியோடும், தமிழில் அறிவியுங்கள். அலுவலகத்தின் காரணத்தால் தவணை பிந்துகின்றபோது அந்தக் காலத்தை எல் பத்திரத்தின் காலத்தோடு கூட்டித் தாருங்கள். ஐந்தாவது தவணையாக அடுத்த மாதம் முதலாவது செவ்வாய்க்கிழமை என்று சொல்லியிருக்கிறீர்கள். லொறிக்கு முற்பணம் கட்டிவிட்டோம். அன்று காலை ஆறரைக்கு ஒன்பது பேரும் வாயிலில் நிற்பார்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற லொறிச் சாரதி ஒருவர்,
களுவாஞ்சிகுடி.