அண்ணாவுக்கு, அந்தக் காரை விற்றுவிட்டேன்

அண்ணா,

நாளையோடு ஒரு வருஷம். என்ன நாள் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. போனில் பேச வாய் வரவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். அண்ணியும் சொந்தக்காரர்களும் படிப்பார்கள். அன்று இரவு வீட்டில் பேசியது எதுவும் இதில் வராது. செலவை யார் கொடுத்தது என்பதும் நமக்குள் முடிந்த கணக்கு.

நீ முதலிலேயே சொன்ன காரைத்தான் வாங்கியிருக்கிறேன். மாஸ்டா எம்எக்ஸ்-5, 1989-ல் வந்த முதல் தலைமுறை, 1.6 லிட்டர். சுமார் 115 குதிரைத்திறன்தான், ஆனால் எடை ஒரு டன்னைத் தொடாது. பின்சக்கரத்துக்கு முன்னால், கதவுக்குக் கீழே துரு இருக்கிறதா என்று தரையில் படுத்துப் பார்த்தேன். நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன், அதாவது உள்ளே அழுத்தம் சரியாக நிற்கிறதா என்று பார்த்தாயிற்று. டைமிங் பெல்ட், ரேடியேட்டர், ஹோஸ் எல்லாம் புதுசு. கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் ரோல் பாரும் போட்டாகிவிட்டது. கையிலிருந்த பணத்தில் பாதிதான் காருக்கு, மீதி டயருக்கும் பிரேக் பேடுக்கும்.

ஒரே வேகத்தில் வரும் ஒன்றரை டன் காரை நிறுத்த, ஒரு டன் காரைவிட ஒன்றரை மடங்கு சூட்டை பிரேக் வாங்க வேண்டும் என்று நீ காகிதத்தில் போட்டுக் காட்டினாய். நான் அந்த ஒன்றரை டன் டர்போ கார்தான் வேண்டும் என்று அடம்பிடித்தேன், இப்போது விற்றது அதைத்தான். நீ விட்டுக்கொடுத்தாய். ஏன் விட்டுக்கொடுத்தாய்?

அன்று ரேஸ் டிராக்கில் அந்தக் காரில் ஆறாவது லேப், ஆறாவது சுற்று. நேர்பாதை முடிகிற இடத்தில் உன் முழங்கால் மூன்று முறை ஏறி இறங்கியதைப் பக்கத்து சீட்டிலிருந்து பார்த்தேன். பிரேக் பெடல் தரைவரை போய்விட்டது. கியரைக் குறைத்துக் குறைத்து டிராக் ஓரத்து ஜல்லிக்குள் இறக்கினாய். கார் நின்றதும் முதலில் என் பெல்ட்டைத்தான் தொட்டுப் பார்த்தாய். அப்புறம் இறங்கி, பானெட்டைத் திறந்து, பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைக் கழற்றினாய். புது ஆயில் வெளிர் மஞ்சளாக இருக்கும். அது கறுத்துக் கிடந்தது. மூடியை மெதுவாகத் திருகி மூடினாய். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆயிலை மாற்றிவிட்டேன் என்று உன்னிடம் சொல்லியிருந்தேன். மாற்றவில்லை, அண்ணா. அது முன் ஓனர் ஊற்றிய ஆயில். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், டாட் 4 என்ற வகை ஆயில் புதுசாக இருந்தால் குறைந்தது 230 டிகிரி தாங்கும், ஈரம் ஏறியதோ 155-லேயே கொதித்துவிடலாம், கொதித்தால் குழாய்க்குள் ஆவிதான் இருக்கும், பெடலுக்குப் பிடிப்பே இருக்காது. எல்லாம் அன்றே எனக்குத் தெரியும். வேலை நெருக்கிய வாரம் அது, ஒரு நாள்தானே என்று நினைத்தேன். மன்னித்துவிடு.

ஆனால் ஐந்தாவது லேப்பிலேயே பெடல் மெத்தென்று ஆகியிருக்கும். உன் காலுக்குத் தெரியாமலா போயிருக்கும்? ஒரு லேப் மெதுவாக ஓட்டிச் சூட்டை ஆற்றியிருக்கலாம். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நீயும் அந்தக் கறுத்த ஆயிலைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை, என்னிடம்கூட. அங்கேயே ஓங்கி ஒன்று அறைந்திருக்கலாம். ஒரு வருஷமாக "நல்லா இருக்கியா" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறாய்.

சரி. புது டாட் 4 பாட்டில் வாங்கி வைத்திருக்கிறேன். மூடியைத் திறக்கவில்லை, திறந்தால் ஈரம் இழுக்க ஆரம்பித்துவிடும். ஞாயிறு காலை வா. பெடலை நீ மிதி, நான் சக்கரத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ப்ளீடரை, அந்தப் பழைய ஆயிலை வெளியே விடும் திருகைத் திறக்கிறேன்.