குரல் இருக்கிறது, பேர் இல்லை

தங்கச்சிமடம்

அன்புள்ள காதர்,

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, ஆனால் ஞாயிறு பூசைக்கு நடந்தேதான் போவேன் என்கிறாள். உன் வாப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாக ஜெரால்டு சொன்னான். சலாம் சொல்லிவிடு. சலோமி டீச்சர் உன்னைக் கேட்டார், 'மாலுமி' எப்போது வருகிறான் என்று.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நம் ஹார்டு டிஸ்க் போய்விட்டது. அந்தக் கறுப்பு டிஸ்க்தான். தனுஷ்கோடிப் பெரியவர்கள் பேசியது, சின்னப்பாலத்துக் கடல்பாசி எடுக்கும் அக்காமார், மூக்கையூர்க் கரைவலைப் பாட்டு என்று நாம் ரெக்கார்டரில் பதிந்தது எல்லாம் அதில்தான் இருந்தது. பதறாதே, பெரும்பகுதியை மீட்டுவிட்டேன். போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே விழுந்து பேசுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுக்கப் படி.

போன மாதம் ஒருநாள் டிஸ்க்கைச் சொருகியதும், 'ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும், செய்யட்டுமா?' என்று கேட்டது கம்ப்யூட்டர். ராமநாதபுரத்தில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். "ஃபார்மட் போட்டுட்டு அப்புறமா சாஃப்ட்வேர்ல எடுத்துத் தர்றேன் சார்" என்றார் அங்கிருந்த தம்பி. கையிலிருந்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். சாகக் கிடக்கும் டிஸ்க்கில் ஒரு எழுத்துகூட எழுதக் கூடாது காதர். ஃபார்மட் செய்வதும் எழுதுவதுதான், பிழை திருத்துகிறேன் என்று செக்டிஸ்க் ஓட்டுவதும் எழுதுவதுதான். ஜெரால்டு வேறு, ஃபிரீசரில் ஒரு ராத்திரி வைத்தால் சரியாகிவிடும் என்று எங்கேயோ கேட்டுவிட்டு வந்தான். உள்ளே தகடு சுற்றும்போது அதைப் படிக்கிற தலை சில நானோமீட்டர் உயரத்தில்தான் மிதக்கிறது. குளிர்ந்த தகட்டை வெளியே எடுத்தால் ஈரம் பூக்கும். நம் ஊர்க் காற்றில் கேட்கவே வேண்டாம். நல்லவேளை, அம்மா ஃபிரீசரில் நெத்திலி வைத்திருந்தாள், அவனே அடங்கிவிட்டான்.

முதலில் காதை வைத்துக் கேட்டேன். டக், டக் என்று தட்டினால் தலை போய்விட்டது என்று அர்த்தம். அப்படியானால் உடனே பிடுங்கிவிட்டு, தூசி இல்லாத அறை வைத்திருக்கும் லேபுக்குத்தான் அனுப்ப வேண்டும். நம்முடையது சீராகத்தான் சுற்றியது, ஆனால் சில நேரம் கம்ப்யூட்டர் கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். அடியில் இருக்கும் சர்க்யூட் பலகையைச் சின்ன நட்சத்திர ஸ்க்ரூடிரைவரால் கழற்றிப் பார்த்தால், உள்ளே இருக்கும் தலைகளோடு அது தொடும் பித்தளை நிறப் புள்ளிகள் எல்லாம் கறுத்துப்போயிருந்தன. உப்புக்காற்றின் வேலை. வீட்டுச் சன்னல் கம்பியைத் தின்கிறது, படகு என்ஜினைத் தின்கிறது, இதை மட்டும் விடுமா? வெள்ளை ரப்பரால் மெல்லத் தேய்த்துத் துடைத்து மாட்டியதும் டிஸ்க் விடாமல் தெரிய ஆரம்பித்தது. ஆனாலும் ஃபார்மட் கேட்பதை நிறுத்தவில்லை. தகட்டிலேயே சில இடங்கள் கெட்டுப்போயிருந்தன.

அப்புறம்தான் உண்மையான வேலை. ஒரு பென்டிரைவிலிருந்து லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றி, டிடிரெஸ்கியூ என்ற நிரலை ஓட்டினேன். கோப்பு எது, பாட்டு எது என்று அது பார்க்காது. 1 டெராபைட்டையும் செக்டர் செக்டராக, அதாவது சின்னச் சின்னத் துண்டாக, புதிதாக வாங்கிய 2 டெராபைட் டிஸ்க்குக்கு அப்படியே நகல் எடுக்கும். கடலடிப் பாறையில் மாட்டிய வலையை நம் ஆட்கள் எடுப்பது மாதிரிதான்: முதலில் இலகுவாக வருகிற பக்கத்தை எல்லாம் வாரிவிடும், முரண்டு பிடிக்கும் இடத்தைத் தாண்டிப் போய்விடும், கடைசியில் திரும்பி வந்து ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விடுவிக்கும். கெட்ட இடத்திலேயே முதலில் முட்டிக்கொண்டு நின்றால் நல்ல இடத்தைப் படிப்பதற்குள் டிஸ்க் செத்துவிடும். எது வந்தது, எது வரவில்லை என்று தனியாக ஒரு கோப்பில் குறித்துக்கொண்டே போகிறது. இங்கே கரண்ட் போகிற லட்சணம் உனக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தது. ஸ்பெயின்காரர் அன்டோனியோ டியாஸ் டியாஸ் எழுதி உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்தது. அந்த மனிதருக்கு நம் பாம்பன் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்குமா?

நாள்கணக்கில் ஓடி முடிந்தது. வராமல் போனது மொத்தத்தில் மிகச் சின்னத் துண்டு. ஆனால் அந்தத் துண்டு உட்கார்ந்திருந்த இடம்தான் மோசம். எந்தக் கோப்புக்கு என்ன பேர், தகட்டில் எங்கெங்கே கிடக்கிறது என்ற கணக்கு முழுவதும் ஒரு அட்டவணையில் இருக்கும். அதன் பெரும்பகுதி போய்விட்டது. டிஸ்க் அதற்கு ஒரு மாற்றுப் பிரதி வைத்திருக்கும், ஆனால் அட்டவணையின் முதல் நாலு வரிகளுக்கு மட்டும்தான். அதனால் நகலிலிருந்து ஃபோட்டோரெக் என்ற இன்னொரு நிரலை வைத்து எடுத்தேன். அது அட்டவணையையே பார்க்காது. ஒவ்வொரு ஒலிக்கோப்பின் தலையிலும் இருக்கும் அடையாளத்தைத் தேடி, அங்கிருந்து அறுத்து எடுக்கும். ஒலி வந்துவிட்டது. பேர் வரவில்லை. நூற்றுக்கணக்கான கோப்புகள், ஒவ்வொன்றுக்கும் பேராக ஒரு நீள எண்.

இதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும் என்றேன். குரல் இருக்கிறது, யாருடைய குரல் என்று எழுதியிருந்தது போய்விட்டது. ராத்திரி ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்கிறேன். சிலரைச் சட்டென்று தெரிகிறது. சிலரை, ஐயோ, முகம் வருகிறது, பேர் வரவில்லை. இன்னும் சிலது துண்டு துண்டாகக் கிடந்ததால் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடிப் புயலில் தண்ணீர் ஏறியதை ஒரு பெரியவர் சொல்லிக்கொண்டு வருகிறார், "ரயிலு வருதுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தோம்" என்று ஆரம்பிக்கிறார், அடுத்த வார்த்தை இல்லை. சின்னப்பாலத்து அக்காமார் சிரிப்பும் பாட்டும் கேட்கிறது. அந்தப் பெரியவரின் மிச்சப் பேச்சு நகலில் வேறெங்கோ கிடக்கிறது. தேடி ஒட்ட முடியும் என்றுதான் நினைக்கிறேன், விடமாட்டேன்.

ஒன்றை எடுத்துக்கொண்டு போன வாரம் சின்னப்பாலம் போனேன். பாசி எடுத்துவிட்டு அப்போதுதான் கரையேறியிருந்தார்கள். விரல்களில் சுற்றிய துணி நனைந்தபடி, காலில் கட்டும் தகரத் தட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒரு அக்கா போனைக் காதில் வைத்துக் கேட்டார். "மரிக்கொழுந்து இந்த வருசம் கைக்கு வரல" என்று ஒரு கிழவி குரல். கேட்ட உடனே, "இது எங்க நாத்தனா! போன சித்திரையில செத்துப்போச்சே, இது எங்க தம்பி உங்கிட்ட கெடந்துச்சு?" என்று போனை இறக்காமலே கேட்டார். திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். பக்கத்தில் நின்ற பெண்களும் குனிந்து கேட்டார்கள். வீட்டில் அந்த அம்மாவின் போட்டோ ஒன்று இருக்கிறதாம், குரல் எங்கேயும் இல்லை. அந்தக் கோப்பை அங்கேயே அவர் மகன் போனில் ஏற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். இவற்றுக்குப் பேர் வைக்காமல் நான் ஓயமாட்டேன். நாம் பேசியவர்களில் எத்தனை பேர் இப்போது இருக்கிறார்கள் என்று நினைத்துப் பார். இருப்பவர்களும் எவ்வளவு நாளைக்கு?

இதற்கு நீ வேண்டும். உன்னிடம் அந்தப் பச்சை நோட்டு இருக்கிறது, எந்தத் தேதியில் யாரிடம் போனோம் என்று நீதான் எழுதினாய். நம் ரெக்கார்டர், பதிவான தேதியையும் நேரத்தையும் ஒலிக்கோப்புக்குள்ளேயே எழுதிவைத்திருக்கிறது. பேர் போனாலும் அது போகவில்லை. நோட்டையும் அதையும் சேர்த்துப் பார்த்தால் பாதிக்கு மேல் அடையாளம் தெரிந்துவிடும். பேட்டரி தீர்ந்து கடிகாரம் பழைய தேதிக்கே போய்விட்ட சமயங்களில் எடுத்தவைதான் சிக்கல், எல்லாம் ஒரே தேதியைக் காட்டுகின்றன. அதற்குக் காதுதான் வழி. நீ கூட வந்த நாள் எது என்று மட்டும் சுலபமாகத் தெரிகிறது, எல்லாவற்றிலும் உன் இருமல் இருக்கிறது. டோல்கேட் பிரியாணி சாப்பிட்ட அன்றைக்கு எடுத்தது தனியாகவே தெரிகிறது!

ஏப்ரல் 15க்குப் பிறகு வா. ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது, ஆட்கள் வீட்டில் இருப்பார்கள். குரலைப் போட்டுக் காட்டி அவர்களையே கேட்கலாம். இப்போது ரயில் புதுப் பாலத்தில் நேராக ராமேஸ்வரம் வந்துவிடுகிறது, மண்டபத்தில் இறங்கிப் பஸ்ஸுக்கு நிற்க வேண்டியதில்லை.

இன்னொன்று. பழைய டிஸ்க்குக்கு இனி நான் கரண்ட் கொடுக்கப்போவதில்லை. வராத அந்தத் துண்டை லேபில் எடுக்க முடிந்தால் அட்டவணையும் வரலாம், சேசம்மாள் பாட்டியின் பாட்டும் வரலாம். அது மட்டும் எங்கே தேடியும் கிடைக்கவில்லை காதர், எல்லாக் கோப்பையும் கேட்டுவிட்டேன். நீ ஆபீஸ் வேலையாக மாதாமாதம் சென்னை போகிறாய். கூரியரில் போட எனக்கு மனம் இல்லை, நீயே கையில் எடுத்துப் போய்க் கொடு. செலவு என்ன ஆகும் என்று முதலில் கேட்டுச் சொல், ஆளுக்குப் பாதி. மீட்டதன் நகல் ஒன்றும் உன் மதுரை வீட்டில் இருக்கட்டும், அங்கே உப்புக்காற்று இல்லை.

நோட்டை இப்போதே தேடி எடுத்து வை. கிடைத்ததும் சின்னப்பாலம் பக்கங்களை மட்டும் போனில் படம் எடுத்து அனுப்பு, நான் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

உன்,
அந்தோணி