தச்சர் வீட்டு மாடியில் ஹோல்டர்லின்

ஸ்டுட்கார்ட்

அன்புள்ள ராமநாதா,

உன் கடிதம் கிடைத்தது. இளையவன் வேலையை விட்டுவிட்டு மிருதங்கம்தான் என்று உட்கார்ந்துவிட்டதைப் பற்றி இரண்டு பக்கம் புலம்பியிருக்கிறாய். அதற்கு நேரில் பதில் சொல்கிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். பேரனுக்குப் பல் முளைத்துவிட்டது, கையில் அகப்பட்டதையெல்லாம் கடிக்கிறான்.

ட்யூபிங்கன் போய்வந்ததைப் போனில் சொன்னபோது, "அந்தப் பைத்தியக்காரக் கவிஞன் வீடுதானே?" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். ஜெர்மன் கவிஞர் ஹோல்டர்லினைப் பலரும் அப்படித்தான் நினைவு வைத்திருக்கிறார்கள். கோபுரத்தில் அடைபட்டுக் கிடந்த மேதை என்றால் கதை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் வாழ்க்கையைப் படிக்கப் படிக்க எனக்குப் பைத்தியம் பெரிதாகத் தெரியவில்லை. யார் கையைப் பிடித்தார்கள், யார் விட்டார்கள் என்பதுதான் மனசில் நிற்கிறது.

1770-இல் நெக்கார் ஆற்றங்கரையில் லாஃபன் என்ற ஊரில் பிறந்தார். இரண்டு வயதில் அப்பா போய்விட்டார். அம்மா மறுமணம் செய்து ந்யூர்டிங்கனுக்குக் குடிபோனார். ஒன்பது வயதில் அந்த அப்பாவும் இல்லை. பெற்ற தகப்பன் வைத்துவிட்டுப்போன சொத்தில் பையனுக்கு நல்ல பங்கு உண்டு. அது அம்மாவின் பொறுப்பில் இருந்தது. மகன் பாதிரியார் ஆகவேண்டும் என்பது அம்மாவின் ஒரே ஆசை. அவனுக்குச் செய்த செலவையெல்லாம் ஒரு பட்டியலாக எழுதி வந்தார். அதன் தலைப்பில், பையன் சொன்னபடி கேட்டு நடந்தால் இந்தச் செலவைப் பங்கிலிருந்து கழிக்கக் கூடாது என்று குறிப்பு! கொடுமைக்காரி என்று சொல்ல மனம் வரவில்லை. இரண்டு கணவரையும் பல குழந்தைகளையும் மண்ணுக்குக் கொடுத்தவள், பயந்திருப்பாள். ஆனாலும் அந்தப் பணம் உரிய காலத்தில் கைக்கு வந்திருந்தால் அவர் வீடு வீடாகப் போய்ப் பணக்காரப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டியதில்லை.

ட்யூபிங்கன் இறையியல் விடுதியில் அவரோடு ஒரே அறையில் இருந்தவர்கள் பின்னாளில் பெரிய தத்துவவாதிகளான ஹெகலும் ஷெல்லிங்கும். ஒரு அறைக்கு இது கொஞ்சம் அதிகம்தான்! மூவருமே பாதிரியார் ஆகவில்லை. ஹோல்டர்லின் ஃபிராங்க்ஃபர்ட்டில் கொன்டார்ட் என்ற வங்கியாளர் வீட்டில் ஆசிரியரானார். அதே ஊரில் ஹெகலுக்கும் ஒரு வேலை பார்த்துக் கொடுத்தது இவர்தான். 1803-இல் ஹோல்டர்லினின் நிலையைப் பார்த்துக் கலங்கிய ஷெல்லிங், "நீ அவனைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ள முடியுமா?" என்ற பொருளில் ஹெகலுக்கு எழுதினார். ஹெகல் பட்டும் படாமலும் ஒரு பதில் போட்டதோடு சரி.

கொன்டார்டின் மனைவி சுசெட்டுக்கும் இவருக்கும் இருந்த காதல் உனக்குத் தெரிந்திருக்கும். கவிதைகளில் வரும் தியோத்திமா அவர்தான். 1798-இல் அந்த வீட்டை விட்டு வெளியேறினார். 1802-இல் பிரான்சில் போர்தோ வரைக்கும் போய் ஆசிரியர் வேலை பார்த்து, சில மாதத்திலேயே அலங்கோலமாக ஊர் திரும்பினார். அந்த ஜூனில் சுசெட் இறந்துபோனார்.

இந்தக் குழப்பத்துக்கு நடுவில்தான், 1800-லிருந்து நாலைந்து வருஷத்துக்குள், அவருடைய மிகப் பெரிய கவிதைகள் பிறந்தன. அப்போது யாருக்கும் அது புரியவில்லை. பழைய கிரேக்க நாடகாசிரியர் சோஃபோக்கிளிஸின் நாடகங்களை அவர் மொழிபெயர்த்ததைப் பார்த்துக் கவிஞர் ஷில்லர் விழுந்து விழுந்து சிரித்தாராம். 'வாழ்வின் பாதி' என்று ஒரு கவிதை, பதினான்கே வரி. முதல் பாதியில் மஞ்சள் பேரிக்காயும் காட்டு ரோஜாவுமாகக் கரை ஏரிக்குள் சாய்ந்து தொங்குகிறது, அன்னங்கள் தண்ணீரில் தலையை நனைக்கின்றன. அடுத்த பாதியில், குளிர்காலம் வந்தால் பூவுக்கு எங்கே போவேன் என்று ஒரு கேள்வி. சுவர்கள் பேச்சற்றுக் குளிர்ந்து நிற்கின்றன, கூரைமேல் காற்றின் திசை காட்டும் தகடுகள் கடகடக்கின்றன. அவ்வளவுதான். மகனை ஜெர்மனில் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். கடைசி வரியின் ஓசையே உலோகம் உரசுகிற மாதிரி இருக்கிறது.

1806-இல் அவரை ட்யூபிங்கன் மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஏழு மாதத்துக்கு மேல் வைத்திருந்துவிட்டு, இனி குணமாகாது, அதிகம் போனால் மூன்று வருஷம் என்று கைவிரித்தார்கள். அப்போது முன்வந்தவர் எர்ன்ஸ்ட் சிம்மர், ஒரு தச்சர். ஹோல்டர்லினின் 'ஹைப்பேரியன்' நாவலைப் படித்து ரசித்தவர். இப்படிப்பட்ட மனிதர் வீணாகப் போவதா என்று ஆற்றங்கரையில் கோபுரத்தோடு இருந்த தன் வீட்டுக்குக் கூட்டிவந்தார். இலவசமாக இல்லை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அம்மாவுக்குக் கணக்கு அனுப்புவார். ஆனால் அந்தக் கணக்கோடு மகன் எப்படியிருக்கிறான் என்றும் எழுதுவார்.

1812-இல் எழுதிய கடிதம் ஒன்றில் இப்படி ஒரு சம்பவம். பட்டறையில் ஒரு கோயிலின் வரைபடத்தைப் பார்த்த ஹோல்டர்லின், இதை மரத்தில் செய்து தா என்கிறார். சிம்மர், "நான் சோற்றுக்கு உழைக்கிறவன், உங்களைப் போல நிம்மதியாகத் தத்துவம் பேசிக்கொண்டு இருக்க முடியுமா?" என்கிறார். "ஐயோ, நானும் ஒரு ஏழை மனிதன்தானே" என்று சொல்லி, அங்கேயே ஒரு பலகையில் பென்சிலால் நாலு வரி எழுதிக் கொடுக்கிறார் கவிஞர். வாழ்க்கையின் கோடுகள் பலவிதம், பாதைகளைப் போல, மலைகளின் எல்லைகளைப் போல. இங்கே நாம் இருப்பதை அங்கே ஒரு கடவுள் நிறைவாக்கக் கூடும் என்று போகும். தச்சர் அதைப் பிரதி எடுத்து அம்மாவுக்கு அனுப்பிவைத்தார்.

மூன்று வருஷம் என்றார்கள். முப்பத்தாறு வருஷம் அந்த வீட்டில் இருந்தார். பியானோ வாசிப்பார். வருகிறவர்களை "மாட்சிமை தங்கிய" என்று விளித்துத் தூரத்தில் நிறுத்துவார். கவிதை கேட்டால் எழுதிக் கொடுத்து, கீழே ஸ்கார்டனெல்லி என்று கையெழுத்துப் போட்டு, 1748 என்றோ 1940 என்றோ தேதியிடுவார். அம்மாவுக்கு எழுதிய கடிதங்களில் மட்டும் "உங்கள் கீழ்ப்படிதலுள்ள மகன்" என்றே முடிப்பார். அந்தச் செலவுப் பட்டியலின் தலைப்பைப் பார்த்த பிறகு இந்த வரியைப் படிக்க எனக்கு என்னவோ போல் இருந்தது. ரயிலில் ட்யூபிங்கன் போகிற வழியில்தான் அம்மா இருந்த ந்யூர்டிங்கன் வருகிறது, அவ்வளவு பக்கம்.

1838-இல் சிம்மர் இறந்தார். அதன்பின் அவர் மகள் லோட்டே பார்த்துக்கொண்டார். 1843 ஜூன் 7-இல் கவிஞர் இறந்தார். பிற்காலக் கவிதைகளைக் காகிதக் குவியலிலிருந்து மீட்டு உலகத்துக்குக் காட்டியவர் ஹெலிங்ராத் என்ற இளைஞர், அதுவும் இருபதாம் நூற்றாண்டில். அவரும் 1916-இல் வெர்துன் போரில் செத்துப்போனார்.

இப்போது இருக்கும் கோபுரம் 1875 தீவிபத்துக்குப் பிறகு மறுபடி கட்டியது. உள்ளே நின்றபோது ஆற்றைப் பார்க்கிற அந்த ஜன்னல்கள் பிடித்திருந்தன. சிறை என்று தோன்றவில்லை.

அப்புறம், 'வாழ்வின் பாதி'யைத் தத்தக்கா பித்தக்கா என்று தமிழில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். நீ வெண்பா எழுதுகிற ஆள், சிவப்பு மையை எடுத்துத் திருத்தி அனுப்பு. முதல் ஏழு வரியில் என்ன வேண்டுமானாலும் செய்துகொள், இரண்டாம் பாதியில் மட்டும் எதுகை தேடாதே.

அன்புடன்,
சுந்தரம்