மோட்டார் கருகிய பதினோரு நாள்

ஆகஸ்ட் 20, 2025

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பேரன் காதுகுத்து அலைச்சலில் பதில் போடத் தாமதம். விசேஷம் நல்லபடியாக முடிந்தது. முழங்கால் இப்போது பரவாயில்லையா? மாடிப்படி ஏறாதே என்று தங்கச்சி சொன்னால் கேள். நீ பிடிவாதக்காரன் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் எழுதுகிறேன்.

சரி, நீ எழுதிய விஷயத்துக்கு வருகிறேன். "எவன் வந்தாலும் இப்படித்தான், அடுத்த வருஷத் தேர்தலுக்கு ஓட்டுச்சாவடிப் பக்கமே போகமாட்டேன்" என்று எழுதியிருந்தாய். படித்ததும் மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது. 1989 நவம்பர் ஞாபகம் இருக்கிறதா? பதினெட்டு வயதானவர்களுக்கும் ஓட்டு என்று சட்டம் மாறியபின் வந்த முதல் நாடாளுமன்றத் தேர்தல். ஹாஸ்டலிலிருந்து ராத்திரியே பஸ் பிடித்து, நீ உன் ஊருக்கும் நான் என் ஊருக்கும் போனோம். திரும்பி வந்து, விரலில் இருந்த மை அழிந்துவிடக் கூடாது என்று இரண்டு நாள் இடது கையைத் தண்ணீரில் நனைக்காமல் குளித்தவன் நீ. அந்தக் கையா இன்றைக்கு இப்படி எழுதுகிறது?

உன் கோபம் நியாயம் இல்லை என்று சொல்லவில்லை. 2009 ஜனவரி இடைத்தேர்தல் நம் மதுரை ஜில்லாத் திருமங்கலத்தின் பெயரையே ஓட்டுக்குப் பணம் கொடுக்கிற ஒரு 'ஃபார்முலா' ஆக்கிவிட்டது. 2016இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் பணம் ஓடியதால் தேர்தலைத் தள்ளிவைத்தார்கள். 2017இல் ஆர்.கே. நகர், 2019இல் வேலூர், இரண்டு இடத்திலும் தேர்தலே ரத்தானது. இதையெல்லாம் பார்த்தவனுக்கு வெறுப்பு வராவிட்டால்தான் அதிசயம். ஆனால் அடுத்த வரியில் நீ எழுதினாய் பார், "ஒரு நல்ல தலைவன் வந்துவிட்டால் போதும்" என்று, அங்கேதான் எனக்கு உன்னோடு சண்டை. எங்கிருந்து வருவான் மாப்ள? வானத்திலிருந்தா? அவன் முளைக்கிற நாற்றங்கால் ஊராட்சி, அதையே தேர்தல் நடத்தாமல் பூட்டி வைத்திருக்கிறோம், அதை யாரும் பேசக்கூட மாட்டேன் என்கிறோம்.

இந்த மே மாதம் நடந்ததைச் சொல்கிறேன். அக்கினி வெயிலில் எங்கள் தெரு போர்வெல் மோட்டார் காயில் கருகிவிட்டது. டேங்க் ஆபரேட்டர் வந்து பார்த்துவிட்டு, "கழட்டிக் கொண்டுபோய்க் காயில் கட்டினா ரெண்டு நாள் வேலை அண்ணே, ஆனா யாரு சொல்லிக் கழட்டுறது?" என்றார். கிளார்க்கிடம் போனேன். கொட்டேஷன் வாங்கி மேலே வைத்திருப்பதாகச் சொன்னார். ஒன்றிய அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருக்கிற அதிகாரி கெட்டவர் இல்லை, உட்காரவைத்துத்தான் பேசினார். மேஜையில் அடுக்கியிருந்த நோட்டுகளைக் காட்டி, "இத்தனை ஊருக்கும் நான் ஒருத்தன்" என்றார். பதினோரு நாள் டிராக்டர் தண்ணீர்தான். என் பக்கத்து வீட்டுக் கிழவி, எண்பது வயது, ஒரு குடத்தை இரண்டு தவணையாக, அரைக்குடம் அரைக்குடமாகத் தூக்கிப் போனாள். பன்னிரண்டாம் நாள் தண்ணீர் வந்தது. கோப்பு நகர்ந்து வரவில்லை. பழைய ஊராட்சித் தலைவியம்மா மெக்கானிக்குக்குத் தன் கைக்காசைக் கொடுத்துக் காயில் கட்டவைத்தார்.

பழைய தலைவி என்று ஏன் சொல்கிறேன் தெரியுமா? அவர்களுடைய பதவிக்காலம் இந்த ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் எல்லாம் அதே கதைதான். 9,624 ஊராட்சிகள். வார்டு மெம்பர், தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் என்று ஒருவரும் பதவியில் இல்லை. அவர்களுக்குப் பதில் அரசு போட்ட தனி அலுவலர் ஆட்சி. ஒரு ஒன்றியத்து அதிகாரி தலையில் சராசரியாக முப்பது ஊர். அரசியல் சட்டத்தின் 243E பிரிவு என்ன சொல்கிறது? ஒரு ஊராட்சியின் பதவிக்காலம் ஐந்து ஆண்டுக்கு மேல் நீடிக்கக் கூடாது, காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடித்திருக்க வேண்டும். 2006இல் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. எல்லை பிரிக்க வேண்டும், இட ஒதுக்கீட்டுக் கணக்கு முடியவில்லை என்று காரணம் சொல்கிறார்கள். ஐந்து வருஷம் முன்னாலேயே தெரிந்த தேதிக்கு இதெல்லாம் ஒரு காரணமா?

இந்தக் கட்சி, அந்தக் கட்சி என்று நான் பிரித்துப் பேசவில்லை. 2016 அக்டோபரில் நடக்கவிருந்த தேர்தல் நின்றுபோய் மூன்று வருஷத்துக்கு மேல் தனி அலுவலர் இருந்தாரே, அது வேறு ஆட்சி. இது வேறு ஆட்சி. ஊருக்கு இரண்டும் ஒன்றுதான். உத்திரமேரூர்க் கல்வெட்டு, குடவோலை என்று மேடைக்கு மேடை முழங்குகிறோம். கணக்குக் காட்டாதவன் பெயரும் அவன் சொந்தக்காரன் பெயரும் அந்தக் குடத்துக்குள் விழக் கூடாது என்று பதினொரு நூற்றாண்டுக்கு முன்னால் எழுதி வைத்தவர்கள் நம் ஆட்கள். இன்றைக்குக் குடமும் இல்லை, ஓலையும் இல்லை.

அந்தத் தலைவியம்மாவைப் பற்றி உனக்கு எழுதியே ஆக வேண்டும். பெண்களுக்குப் பாதி இடம் என்று சட்டம் வந்தபின் எங்கள் ஊர் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. ஜெயித்தது அவர், நாற்காலியில் உட்கார்ந்தது அவர் புருஷன். முதல் வருஷம் முழுக்க அந்தம்மா கதவோரம் நின்று காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டார். இரண்டாவது வருஷம் ஒரு நாள் கிளார்க் செக் புத்தகத்தை நீட்டினார். "இது எதுக்கு, யாருக்கு, பில் எங்கே?" என்று கேட்டார் அந்தம்மா. நான் வீட்டு வரி ரசீதுக்காக அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். புருஷன் அவரையே பார்த்தார். அந்தம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, பில் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அன்றைக்கு அவர் உட்காரக்கூட இல்லை. ஒரு மாதம் கழித்துப் போனபோது நாற்காலியில் அவர் இருந்தார், வீட்டுக்காரர் வெளியே திண்ணையில் இருந்தார்.

அதற்கப்புறம் ராத்திரி பத்து மணிக்குத் தெருவிளக்கு எரியவில்லை என்று போன் போட்டாலும் எடுப்பார். எடுக்காவிட்டால் காலையில் அவர் வீட்டு வாசலில் நாலு பேர் நிற்பார்கள், அவருக்கே அது தெரியும். மாப்ள, நான் சொல்கிற தலைமை இதுதான். எட்டிப் பிடிக்கிற தூரத்தில் இருந்தால்தான் ஒரு மனுஷி அப்படி வளர முடியும். அந்தம்மா இன்னும் ஐந்து வருஷம் இருந்திருந்தால் ஒன்றியத்துக்குப் போயிருப்பார், அதற்கு மேலும் போயிருப்பார். இப்போது வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கிறார். அதில் குறைவு ஒன்றும் இல்லை. ஆனால் அவர் கற்றுக்கொண்டதெல்லாம் அந்த கிரைண்டரோடு நின்றுபோகும் என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

ஆகஸ்ட் 15 கிராம சபைக்கும் போனேன். எங்களைப் போல மூவாயிரத்துக்குள் ஜனம் இருக்கிற ஊருக்கு கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது நூறு பேர் வர வேண்டும். நூறு நாள் வேலைக்கு வருகிற பெண்களைக் கூட்டி வந்து உட்காரவைத்து நோட்டில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். பற்றாளராக, அதாவது கூட்டத்தைப் பார்வையிட வந்த அலுவலர், தீர்மானங்களைக் கடகடவென்று படித்தார். வரவு செலவை ஒரு தடவை நிறுத்திப் படியுங்கள் என்றேன், படித்தார். மோட்டார் பழுதுக்கு இத்தனை ரூபாய் என்று இருந்தது. "அந்த மோட்டாரைத் தலைவியம்மா காசு போட்டுத்தானே கட்டினாங்க?" என்று பின்னாலிருந்து ஒரு பெண் குரல். கூட்டம் சலசலத்தது. பற்றாளர் எங்களையே பார்த்தார். பதில் சொல்ல வேண்டிய ஆள் அந்த மேஜைக்குப் பின்னால் யாருமே இல்லை. அந்தச் செலவு எந்த மோட்டாருக்கு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, வேறு தெருவாகவும் இருக்கலாம். திட்டுவதற்காவது ஒரு தலைவர் வேண்டாமா?

நம் ஜில்லாவில் இந்த நாற்காலிக்கு ரத்தமே கொடுத்திருக்கிறார்கள். மேலவளவு முருகேசனை உன்னால் மறக்க முடியாது. தலைவர் பதவி தலித்துகளுக்கென்று ஒதுக்கப்பட்டு, தனி ஊராட்சியானபின் துணிந்து நின்று ஜெயித்தார். 1997 ஜூன் 30, கலெக்டர் அலுவலகம் போய்விட்டுப் பஸ்ஸில் திரும்பியவரை வழிமறித்து வெட்டினார்கள். அவரோடு சேர்த்து ஆறு உயிர். அன்று ராத்திரி நீயும் நானும் டீக்கடை பெஞ்சில் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தோம். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், இவையும் தனி ஊராட்சிகள்தான், இங்கெல்லாம் 1996லிருந்து பத்து வருஷம் தலைவரே நிலைக்க முடியவில்லை. நின்றவர் ஜெயித்த கையோடு ராஜினாமா செய்யவைக்கப்பட்டார். 2006இல்தான் ஒழுங்காகத் தேர்தல் நடந்து தலைவர்கள் உட்கார்ந்தார்கள். அப்படி வாங்கின இடத்தை ஒரு உத்தரவில் காலியாக விட்டுவிட்டு, நாம் டிவி முன்னால் உட்கார்ந்து அடுத்த முதல்வர் யார் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். எனக்கு ஆத்திரம் வருவது இதனால்தான்.

நம்பிக்கைக்கு இடமே இல்லையா என்று கேட்பாய். இருக்கிறது. அரிட்டாபட்டியைப் பார். அந்த ஊரையும் சேர்த்த நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்துவிட்டது என்று 2024 நவம்பர் 7ஆம் தேதி செய்தி வந்தது. அந்த மாதம் 23ஆம் தேதி கிராம சபைகள் கூடி, வேண்டாம் என்று தீர்மானம் போட்டன. டிசம்பர் 9ஆம் தேதி சட்டசபையே தீர்மானம் போட்டது. ஜனவரி 5ஆம் தேதி தலைவர்கள் பதவி போனது. இரண்டே நாள் கழித்து, 7ஆம் தேதி, நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு ஜனம் நடந்தது. நானும் நடந்தேன். எனக்கு முன்னால் ஒரு ஆயா, செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நடந்தார். ஏன் ஆயா என்றதற்கு, "அறுந்துபோச்சு, தூக்கிப்போட மனசில்ல" என்றார். ரோட்டோர வீடுகளிலிருந்து மோரும் தண்ணீரும் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். கட்சிக் கொடி பிடித்தவர்களும் பிடிக்காதவர்களும் ஒன்றாகத்தான் போனோம். ஜனவரி 23ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

அந்தக் கூட்டத்தை ஒரே ஒரு பெரிய தலைவர் கூட்டி வரவில்லை. ஊர்ப் பெரியவர்களான அம்பலங்கள், பஞ்சாயத்து மெம்பர்கள், மகளிர் குழுப் பெண்கள், வக்கீலுக்குப் படிக்கிற பையன்கள், இவர்கள் தெருத்தெருவாகப் பேசிச் சேர்த்தார்கள். அதை நான் கண்ணால் பார்த்தேன். அப்படிப்பட்ட நூறு பேருக்கு உட்கார்ந்து வேலை பார்க்க ஒரு நாற்காலி கொடுத்தால் நம் நாடு வேறு மாதிரி இருக்கும் என்று நான் முழு மனசோடு நம்புகிறேன். பஞ்சாயத்திலும் பணம் கொடுக்கிறார்களே, பதவியையே ஏலம் விடுகிறார்களே என்று நீ கேட்பாய். உண்மைதான். எங்கள் ஊரிலும் போன தடவை கவர் வந்தது. ஆனால் கவர் கொடுத்துத் தோற்றவரும் எங்கள் ஊரில் உண்டு, அந்தம்மாவிடம்தான் தோற்றார்.

ஒரு வேலை ஆரம்பித்திருக்கிறேன். ஊராட்சித் தேர்தலை நடத்தச் சொல்லி மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கு ஊரார் சார்பில் ஒரு மனு. இதுவரை 112 கையெழுத்து. முதல் கையெழுத்து தலைவியம்மா, இரண்டாவது அந்த எண்பது வயதுக் கிழவி, அவர் கைநாட்டு. டேங்க் ஆபரேட்டர் மட்டும், வேலை போய்விடுமோ என்று பயந்தார். வேண்டாம் தம்பி என்று நானே சொல்லிவிட்டேன். மனு நகலை இதோடு வைத்திருக்கிறேன். இரண்டாம் பக்கத்தில் சட்டப்பிரிவு பற்றி எழுதிய பத்தி எனக்கே திருப்தியில்லை. நீ பேங்க்கில் முப்பது வருஷம் அதிகாரிகளுக்கு எழுதிப் பழகியவன், அதைத் திருத்திக் கொடு. அக்டோபர் 2 கிராம சபைக்கு முன்னால் கையில் கிடைத்தால் நல்லது. முடிந்தால் நீயே கொண்டு வா. முழங்காலுக்குக் கஷ்டமில்லாமல் கீழே உள்ள அறையில் கட்டில் போட்டு வைக்கிறேன்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன் பழைய அறைத்தோழன்