அந்த வேனில் கோளாறு என்ஜினில் இல்லை

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் 'லிட்டில் மிஸ் சன்ஷைன்' படத்தைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். சிறுமிகளுக்கான அழகிப் போட்டிக்கு மகளை அழைத்துக்கொண்டு ஒரு குடும்பம் பழைய வேனில் போகிற கதை அது. 2006இல் வெளியான படத்தை நினைவு வைத்து எழுதியதற்கு நன்றி. நன்றியோடு நிறுத்திக்கொண்டிருப்பேன். ஆனால் இரண்டாவது பத்தியிலேயே 'என்ஜின் கெட்டு, வழியெல்லாம் நின்று நின்று போகும் ஓட்டை வேன்' என்று கட்டுரையாளர் எழுதிவிட்டார். 27 வருடம் பணிமனையில் கிளட்ச் பிளேட் மாற்றியே கை காய்த்துப்போனவன் நான். இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

என்ஜினில் ஒரு கோளாறும் கிடையாது. போனது கிளட்ச். என்ஜினையும் கியர் பாக்ஸையும் சேர்ப்பதும் பிரிப்பதும் அதன் வேலை. அது பிரிய மறுத்தால், நிற்கிற வண்டியில் கியர் விழாது. கறகறவென்று பல்லைக் கடிக்கும், அவ்வளவுதான். வண்டி ஏற்கெனவே உருண்டுகொண்டிருந்தால் கதை வேறு. என்ஜின் சுற்றுகிற வேகமும் சக்கரம் சுற்றுகிற வேகமும் ஒத்துவருகிற ஒரு நொடியில், கிளட்சை மிதிக்காமலே கியர் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். படத்தில் வருகிற மெக்கானிக் சொல்வதும் இதுதான். மூன்றிலிருந்து நாலுக்கு மாற்றக் கிளட்ச் வேண்டாம், ஒன்றிலும் இரண்டிலும்தான் தகராறு. மேட்டில் நிறுத்து, அல்லது தள்ளு, மணிக்கு 15, 20 மைல் வேகம் வந்ததும் நேரே மூன்றில் போடு. உதிரிப்பாகம் வரக் காத்திருந்தால் போட்டி முடிந்துவிடும் என்பதால் அந்தக் குடும்பமும் அப்படியே செய்கிறது.

ஆக, அது ஓடத் தெரிந்த, ஆனால் நிற்க முடியாத வேன். இதை வறட்டுப் பிடிவாதம் என்று நினைத்துவிடாதீர்கள். படத்தின் சிரிப்பு முழுக்க இதில்தான் இருக்கிறது. நின்று நின்று போகிற வண்டி என்றால் ஓரமாக நிறுத்திவிட்டு ஆளுக்கொரு பக்கம் முறைத்துக்கொண்டு உட்காரலாம். இந்த வேனில் அது நடக்காது. நிறுத்தினால் எல்லாரும் இறங்க வேண்டும், எல்லாரும் ஒரே நேரத்தில் தள்ள வேண்டும், வேகம் பிடித்ததும் ஒருவர் பின் ஒருவராக ஓடிப்போய்ப் பக்கவாட்டுக் கதவுக்குள் குதிக்க வேண்டும். கோபித்துக்கொண்டு கொஞ்சம் பின்தங்கினால் ரோட்டிலேயே நிற்க வேண்டியதுதான். பெட்ரோல் பங்கில் சிறுமி ஆலிவை மறந்துவிட்டுக் கிளம்பிப்போய், திரும்பி வந்து, வேனை நிறுத்தாமலே அவளை உள்ளே இழுத்துப் போட்டுக்கொள்கிறார்களே, அந்தக் காட்சிக்குச் சிரிக்க வேண்டுமென்றால் ஏன் நிறுத்த முடியாது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

எனக்கே இது ஒரு முறை நடந்திருக்கிறது. குடும்பத்தோடு போன வேனில் பாதி வழியில் கிளட்ச் போய்விட்டது. மெக்கானிக் நான்தான் என்றாலும் கையில் சாமான் எதுவும் இல்லை. இரண்டு வருடமாக என்னிடம் முகம் கொடுத்துப் பேசாத மச்சானும் அந்த வண்டியில் இருந்தார். நான் ஸ்டியரிங்கில், அவர் பின்னால் தள்ளிக்கொண்டு. "மாப்ளே, இப்பப் போடு!" என்று கத்தினார். இரண்டு வருடத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. கியர் விழுந்தது. ஓடி வந்து ஏறியவர் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்த முறை நின்றபோது யாரும் கேட்காமலே இறங்கிப் போய்த் தள்ளினார். சொத்துத் தகராறு இன்னும் தீரவில்லை.

திரைக்கதை எழுதிய மைக்கேல் ஆர்ன்ட்டுக்கும் இந்த அனுபவம் உண்டு. சிறு வயதில் அவர் குடும்பம் கிளட்ச் போன ஃபோக்ஸ்வேகன் வேனைத் தள்ளித் தள்ளித்தான் வீடு வந்து சேர்ந்ததாம். அவருக்கு இந்தப் படத்துக்காக ஆஸ்கர் கிடைத்ததைக் கட்டுரையாளர் குறிப்பிடுகிறார், வேனின் பிறப்பை விட்டுவிட்டார். வெறும் உருவகமாக யோசித்து வைத்த பழுதாக இருந்தால் இவ்வளவு துல்லியமாக வந்திருக்காது என்பது என் எண்ணம். அம்மாவுக்குக் கியர் வண்டி ஓட்டப் பழக்கமில்லை. அப்பா சொல்லிக்கொடுக்கிறார். அந்தப் பாடத்தில்தான் கிளட்ச் போகிறது. புதிதாகப் பழகுகிறவர்களால் எத்தனை கிளட்ச் என் மேஜைக்கு வந்திருக்கிறது என்று கணக்கே இல்லை.

அந்தக் குடும்பம் இருக்கிற நியூ மெக்சிகோவின் ஆல்புகெர்க்கியிலிருந்து, போட்டி நடக்கிற கலிஃபோர்னியாவின் ரெடோண்டோ பீச்சுக்கு ஏறக்குறைய 800 மைல். ஒட்டவே ஒட்டாத ஆறு பேரை ஒரே வண்டியில் ஏற்றுவதற்குத் திரைக்கதை எவ்வளவு மெனக்கெடுகிறது பாருங்கள். விமானத்துக்குக் காசில்லை. அந்த வேனை ஓட்டத் தெரிந்தவர் அப்பா மட்டும்தான். தற்கொலைக்கு முயன்று மணிக்கட்டில் கட்டோடு வந்திருக்கும் மாமாவைத் தனியாக விடக் கூடாது. பேசுவதில்லை என்று சபதம் எடுத்து, எதையும் நோட்டில் எழுதிக் காட்டுகிற பையனிடம் அவரை ஒப்படைக்கவும் முடியாது. பேத்திக்கு நடனம் சொல்லிக்கொடுத்தவர் தாத்தா, அவர் வராமல் எப்படி? வாங்கி வந்த கோழி வறுவலைக் காகிதத் தட்டில் வைத்துச் சாப்பிடுகிற ஒரே காட்சியில் இத்தனை முடிச்சையும் போட்டுவிடுகிறார்கள். நடுவில் அந்தச் சிறுமி மாமாவின் கட்டைப் பார்த்து என்ன ஆச்சு என்று கேட்க, மேஜையே ஒரு கணம் உறைந்துபோகிறது. அங்கே சிரித்தவர்களும் இருப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, சாப்பாடும் இறங்கவில்லை.

கட்டுரையாளர் இன்னொன்றும் எழுதியிருக்கிறார்: 'குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்க வேண்டிய படம்.' ஐயா, தாத்தா ஹெராயின் பழக்கத்தால் முதியோர் இல்லத்திலிருந்தே துரத்தப்பட்டவர். அமெரிக்காவிலேயே இந்தப் படத்துக்கு 'ஆர்' சான்றிதழ். 17 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெரியவர் துணையில்லாமல் தியேட்டருக்குள் போக முடியாது. போஸ்டரின் மஞ்சள் நிறத்தைப் பார்த்து முடிவு செய்தாரோ என்னவோ. என் பேரப்பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்திருந்தால் ரிமோட்டைத் தேடியே பாதிப் படம் போயிருக்கும். இதைச் சொல்லும்போதே ஒப்புக்கொள்கிறேன்: படத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் அந்தத் தாத்தாதான். ஆலன் ஆர்கினுக்குச் சிறந்த துணை நடிகர் ஆஸ்கர் கொடுத்தது நியாயம்.

'பயணம் அந்தக் குடும்பத்தை மாற்றிவிடுகிறது' என்ற கட்டுரையின் முடிவோடும் நான் ஒத்துப்போகவில்லை. யார் மாறினார்கள்? வெற்றிக்கு ஒன்பது படி என்று ஊருக்குச் சொல்லித் திரிந்த அப்பாவின் புத்தகம் விலைபோகவில்லை, கடைசிவரை போகவில்லை. விமானியாக வேண்டும் என்பதற்காகவே வாயை மூடியிருந்த பையனுக்கு நிறக்குருடு என்று வழியில் தெரியவருகிறது. தாத்தா செத்தே போகிறார். மாறியது ஒன்றே ஒன்று, தள்ளுகிற விதம். முதல் தடவை ஒரே குழப்பம். யார் எப்போது ஏறுவது என்று கத்திக்கொள்கிறார்கள். கடைசித் தடவை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

பையனுக்கு விஷயம் தெரிந்ததும் வேனுக்குள் மோதிப் புரண்டு துடிக்கிறான். நிறுத்துகிறார்கள். நிறுத்தினால் மறுபடி தள்ள வேண்டும் என்று தெரிந்தே நிறுத்துகிறார்கள். அவன் சரிவில் இறங்கி ஓடி, இத்தனை நாள் அடக்கிய குரலையெல்லாம் கொட்டிக் கத்துகிறான். அம்மா பேசிப் பார்க்கிறாள், பலனில்லை. பிறகு ஆலிவ் மெல்ல இறங்கிப் போய், பக்கத்தில் குந்தி, தோளில் கை போட்டுத் தலையைச் சாய்த்துக்கொள்கிறாள். ஒரு வார்த்தை பேசவில்லை. சரி, போகலாம் என்று அவன் எழுகிறான். திரும்பி ஏறும்போது அவளை மேட்டில் தூக்கிவிடுகிறான். கட்டுரையாளர் இந்தக் காட்சியைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. கடைசி நடனத்துக்கு முக்கால் பக்கம் ஒதுக்கியிருக்கிறார்.

குறையே இல்லாத படம் என்று சொல்ல மாட்டேன். போட்டி நடத்துகிறவர்களை வெறும் கேலிச்சித்திரமாக ஆக்கிவிட்டார்கள். வேனில் தாத்தாவின் பிணம் இருக்கும்போது மறிக்கிற போலீஸ்காரர், தாத்தாவுக்காக வாங்கிய ஆபாசப் பத்திரிகைகளைப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே அனுப்பிவைப்பதும் ரொம்ப வசதியான திருப்பம். இருந்தாலும் அங்கேயும் அவர் மறிக்கக் காரணம் நிற்காமல் அடித்துக்கொண்டிருக்கிற ஹார்ன் என்பதால் மன்னித்துவிட்டேன்.

அந்த ஹார்னைப் பற்றி ஒன்று. பழைய வண்டிகளில் ஸ்டியரிங் தண்டுக்குள் போகிற ஒயர் தேய்ந்து பாடியில் உரசினால் இப்படித்தான் தானாக அடிக்கும். ஒயரைப் பிடுங்கிவிட்டால் போதும், இரண்டு நிமிட வேலை. படம் முடியும்வரை யாருக்கும் அது தோன்றவில்லை. முதல் தடவை பார்க்கும்போது எழுந்துபோய் நானே பிடுங்கிவிடலாமா என்றிருந்தது. இரண்டாம் தடவை, ஊர் திரும்பக் கடைசியாகத் தள்ளி ஏறிய பிறகும் அது கேட்டுக்கொண்டே இருந்தபோது, நல்லவேளை, பிடுங்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இப்படிக்கு,
பணி ஓய்வு பெற்ற மெக்கானிக், தங்கள் நெடுநாள் வாசகர்